நூறு கிராம் செம்புக் கம்பி கேட்டு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் (பூம்புகார்),
சென்னை.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கும்பகோணத்தில் என் வீட்டின் பின்கட்டில் அமர்ந்து, செம்பு, பித்தளை, வெள்ளி ஆகியவற்றின் கம்பியிலும் தகட்டிலும் காதணி, பதக்கம், வளையல் செய்து விற்று வருகிறேன். இது பரம்பரைத் தொழில் அன்று. வயதான பத்தர் (பொற்கொல்லர்) ஒருவரின் பட்டறையில் இரண்டாண்டுகள் உடனிருந்து கற்றுக்கொண்டது. இம்மடல் மானியம் கேட்டோ கடன் கேட்டோ எழுதப்பட்டதன்று. நூறு கிராம் கம்பியையும் உள்ளங்கை அகலத் தகட்டையும், அவற்றின் தடிமனும் கலவையும் எழுதப்பட்ட சீட்டோடு, தங்கள் விற்பனை நிலையங்களில் விலைக்குத் தர வேண்டும் என்பதே இதன் கோரிக்கை.

சிறிய கோரிக்கையாகத் தோன்றலாம். அதிலும் கும்பகோணத்துக்காரர் உலோகம் கிடைக்கவில்லை என்று எழுதுவது வேடிக்கையாகக்கூட இருக்கலாம். கடைத்தெரு நெடுகப் பாத்திரக் கடைகள். சற்றுத் தொலைவில் சிலை வார்க்கும் சுவாமிமலை. இன்னொரு பக்கம் குத்துவிளக்கு வார்க்கும் நாச்சியார்கோயில். ஆயினும் இந்த ஊர்களின் உலோக வணிகம் முழுவதும் கிலோக் கணக்கில், பெரும்பாலும் பத்துக் கிலோக் கணக்கில் நடப்பது. 21 கேஜ் செம்புக் கம்பி, அதாவது 0.81 மில்லிமீட்டர் தடிமனுள்ளது, ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 215 மீட்டர் வரும். ஒரு சோடிக் காதணியின் சுருள் வேலைக்கு அரை மீட்டர் போதும். மாதம் நாற்பது சோடி செய்யும் எனக்கு அந்த ஒரு கிலோ ஏறக்குறைய பதினொரு மாதங்களுக்கு வரும். ஒரே கேஜை வைத்துக்கொண்டு நகை செய்ய முடியாது. குறைந்தது ஐந்து தடிமன்களாவது கையில் இருக்க வேண்டும். அப்படியானால் என் போன்ற ஒருவர் ஆண்டு முழுவதற்குமான முதலை அலமாரியில் கம்பிச் சுருளாக முடக்கிவிட்டுத்தான் முதல் காதணியை வளைக்கத் தொடங்க வேண்டும். எங்களுக்கு உலோகம் எட்டாமல் போவது அதன் சந்தை விலையினால் அன்று, கடைக்காரர் விற்கச் சம்மதிக்கும் குறைந்த அளவினால்தான்.

இதனால் எங்களில் பலர் குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். முதலாவது, மோட்டார் காயில் கட்டும் கடை. அங்கே சில்லறையாகச் செம்புக் கம்பி கிடைக்கும், கேட்ட கேஜில் கிடைக்கும், விலையும் நியாயமானது. ஆனால் அது எனாமல் பூசிய வைண்டிங் கம்பி. சுற்றி முறுக்கும் வேலைக்கு அது தாங்கும். துண்டுகளை ஒட்டுவதற்கு வெங்காரம் தடவி, பற்றாசு எனும் உருகி ஒட்டும் உலோகப் பொடியை வைத்து நெருப்பை ஊதத் தொடங்கினால் பூச்சு கருகி மூச்சை அடைக்கும் புகை கிளம்பும், பற்றாசும் ஓடாது. பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு ஊதலாம் என்பார்கள். அரை மில்லிமீட்டர்க் கம்பியைச் சுரண்டிப் பார்த்தவர்கள் அதை இரண்டாம் முறை செய்வதில்லை.

இரண்டாவது, லேத் பட்டறையில் மிஞ்சும் பித்தளைத் துண்டுகள். கடைசலில் சீவல் எளிதாக உதிர வேண்டும் என்பதற்காக அவ்வகைப் பித்தளையில் 3 விழுக்காடு அளவுக்கு ஈயம் (காரீயம்) சேர்க்கப்பட்டிருக்கும். திருகும் மரையும் செய்ய அது மிகப் பொருத்தமானது. வளையலாக வளைத்தால் வெடித்துவிடும். வெடிக்காமல் தப்பினாலும், குழந்தை வாயில் வைத்துக் கடிக்கக்கூடிய ஒரு நகையில் ஈயம் கலந்த உலோகத்தைப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை.

மூன்றாவது வழி பழைய பாத்திரம். எடைக்குப் போடப்பட்ட தாம்பாளத்தை வாங்கிக் கத்தரித்துத் தகடாக்கிக்கொள்வது நெடுநாள் எனக்குப் பிடித்தமான வழியாக இருந்தது. அந்தப் பழந்தகட்டின் நிறமே தனி. ஆனால் ஈயம் பூசிப் புழங்கிய பாத்திரமாக இருந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் வெள்ளீயம் சூட்டில் உருகி, பக்கத்தில் வைத்த வெள்ளியை அரித்துக் குழி விழச் செய்துவிடும். மூன்று நாள் வேலை செய்த ஒரு பதக்கம் இப்படித்தான் என் கண் முன்னே பொத்தலானது. அன்று பத்தர் தாத்தா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அரத்தால் தேய்த்துப் பார்க்காமல் எந்தத் தகட்டையும் அடுப்புக்குக் கொண்டுபோகாதே என்று மட்டும் சொன்னார்.

இம்மூன்று வழிகளிலும் பொதுவாக உள்ள குறை, வாங்குகிற உலோகம் இன்னதென்று தெரியாமல் வாங்குவது. பித்தளை என்ற ஒரே பெயருக்குள் பல உலோகங்கள் அடங்கியிருக்கின்றன. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்டது தட்டவும் வளைக்கவும் இணங்கும். 60க்கு 40 ஆனது சூட்டில் நன்றாக வேலை செய்தாலும் குளிர்ந்த நிலையில் வளைத்தால் விரிசல் விடும். கடைக்காரரிடம் எது என்று கேட்டால் ‘நல்ல பித்தளைதான்’ என்ற விடை கிடைக்கும். ஜெர்மன் சில்வர் என்று விற்கப்படுவதில் வெள்ளி இம்மியும் இல்லை. அது செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை, அந்த நிக்கல் ஒவ்வாதவர்களுக்குக் காது மடல் புண்ணாகிவிடுகிறது. பற்றாசிலும் இதே கதை. காட்மியம் கலந்த கேடிஎம் பொடியின் புகை ஊதுபவரின் நுரையீரலைக் கெடுக்கும் என்பது தெரிந்த பிறகும், பெயர் எழுதாத பொட்டலத்தில் வருவது எது என்று உறுதி செய்துகொள்ள எங்களுக்கு வழியில்லை. நகை வாங்குபவரின் நலனுக்காக 2025 செப்டம்பர் முதல் வெள்ளி நகைகளுக்கும் தனி அடையாள எண்ணுடன் கூடிய ஹால்மார்க் முத்திரை, விருப்பத்தின் பேரில், நடைமுறைக்கு வந்திருக்கிறது. நகை செய்பவர் வாங்கும் கம்பிக்கு அப்படி ஓர் உறுதிமொழி தருவார் இல்லை.

தடிமனில் உள்ள குழப்பத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் கடைகளில் புழங்குவது ஆங்கிலேயர் காலத்து எஸ்.டபிள்யூ.ஜி. அளவு. இணையத்தில் கற்றுத்தரும் காணொளிகளில் பெரும்பாலானவை சொல்வது அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. அளவு. 18 என்பது முன்னதில் 1.22 மில்லிமீட்டர், பின்னதில் 1.02 மில்லிமீட்டர். பாசியின் துளை 1.1 மில்லிமீட்டராக இருந்தால் ஒன்று நுழையும், மற்றொன்று நுழையாது. சீட்டில் மில்லிமீட்டரை எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

வரியைப் பற்றியும் பேசியாக வேண்டும். செம்புக் கம்பிக்கும் பித்தளைத் தகட்டுக்கும் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. அவற்றைக் கொண்டு செய்யும் கவரிங், ஃபேன்சி நகை வகைகளுக்கு 3 விழுக்காடு. பதிவு செய்த நிறுவனங்கள் இந்த வேறுபாட்டைத் திருப்பிக் கேட்டுப் பெறலாம். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குக் கீழ் உள்ளவர்கள் பதிவு செய்யத் தேவையில்லை என்ற சலுகை எங்களைக் கணக்கு வழக்கிலிருந்து காப்பாற்றுகிறது. அதே சலுகை அந்த 18 விழுக்காட்டை எங்கள் அடக்க விலையில் நிரந்தரமாக உட்கார வைத்தும் விடுகிறது. இது கழகத்தின் கையில் உள்ள பொருளன்று என்பதை அறிவேன். மாநில அரசு வரி மன்றத்தில் பேசும்போது, கைவினைஞர்களின் பெயரால் இதையும் எடுத்துரைக்கும்படி தாங்கள் குறிப்பெழுதலாம்.

வெள்ளியின் நிலை தாங்கள் அறிந்ததே. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் கிராம் 100 ரூபாயை ஒட்டியிருந்த விலை, அவ்வாண்டு அக்டோபரில் 200 ரூபாயைக் கடந்தது. பெரிய பட்டறைகள் இருப்பு வைத்துச் சமாளித்தன. நாங்கள் வெள்ளியிலிருந்து செம்புக்கும் பித்தளைக்கும் இறங்கி வந்தோம். ஆகவே செம்பும் பித்தளையும் சில்லறையாகக் கிடைக்க வேண்டிய தேவை முன்னைவிட இப்போது கூடியிருக்கிறது.

கைவினைஞர்களுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2025 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, ஆனால் 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் நூறு கிராம் வேண்டியவருக்கு ஒரு கிலோ வாங்கக் கடன் தருவது, தாகத்துக்குக் கிணறு வெட்டித் தருவது போன்றது.

கச்சாப் பொருளை அளவாகவும் தரமாகவும் கொடுப்பது இந்நாட்டு அரசுகளுக்குப் புதிதும் அன்று. கைத்தறி நெசவாளர்களுக்கு தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகம் ஆலை விலையில் நூல் வழங்குவதும், அதற்கென நூல் கிடங்குகள் இயங்குவதும் பல்லாண்டு நடைமுறை. இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்தில் உள்ள தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் அரசு நிறுவனம். ஜரிகை என்பது, இழுத்துத் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலின் மேல் சுற்றிப் பொன் முலாம் ஏற்றியதுதான். அதில் பொன் எத்தனை, வெள்ளி எத்தனை, செம்பு எத்தனை, பட்டு எத்தனை என்ற கணக்கு வரையறுக்கப்பட்டு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்த உறுதியோடு செல்கிறது. பட்டுச் சேலையின் கரையில் ஓடும் வெள்ளிக்கு அரசே பொறுப்பேற்கிறதென்றால், காதில் தொங்கும் வெள்ளிக்கு ஏற்க முடியாதா என்று கேட்பதில் தவறில்லை என்று கருதுகிறேன்.

என் வேண்டுகோளை இனி விவரமாகச் சொல்கிறேன். 1973இல் தொடங்கப்பட்ட தங்கள் கழகத்துக்கு விற்பனை நிலையங்களும் உண்டு, சுவாமிமலையிலும் நாச்சியார்கோயிலிலும் தஞ்சாவூரிலும் உற்பத்தி நிலையங்களும் உண்டு. அந்த உற்பத்தி நிலையங்களுக்கு வாங்கும் செம்போடும் பித்தளையோடும் சேர்த்து, பூச்சில்லாத செம்புக் கம்பியையும் 70க்கு 30 பித்தளைத் தகட்டையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, கம்பியை நூறு கிராம் சுருளாகவும் தகட்டைப் பத்து சென்டிமீட்டர்ச் சதுரமாகவும் வெட்டி, விற்பனை நிலையத்தின் ஒரு மூலையில் வைத்தால் போதும். 0.7 மில்லிமீட்டர்த் தகட்டில் அப்படி ஒரு சதுரம் ஏறத்தாழ 60 கிராம் எடை இருக்கும்; தபாலில் அனுப்பவும் எளிது. வெள்ளிக் கம்பியைப் பொறுத்தவரை, ஜரிகை நிறுவனத்துடன் பேசி, 925 தரத்தில் (ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி) இரண்டு மூன்று தடிமன்களில் இழுத்துத் தர இயலுமா என்று பார்க்கலாம். காட்மியம் இல்லாத பற்றாசும் அதே மேசையில் இருந்தால் பெரும் உதவி. விலையில் சலுகை வேண்டாம். அன்றைய சந்தை விலையோடு வெட்டுக்கூலியும் கழகத்தின் நியாயமான லாபமும் சேர்த்து, நகைக் கடையில் தங்க விலை எழுதுவதுபோல் பலகையில் எழுதி வைத்தால் வாங்கிக்கொள்வோம்.

இதனால் கழகத்துக்குச் சரக்குத் தேங்கும் என்ற அச்சம் எழலாம். உலோகம் அழுகும் பொருளன்று. விற்காத தகடு மறுபடி உற்பத்தி நிலையத்துக்கே பயன்படும். எங்களிடம் சேரும் வெட்டுத் துண்டுகளையும் எடைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சுவாமிமலையில் சிலை வார்ப்பதற்குச் செம்பும் பித்தளையும் எப்படியும் வேண்டும். இன்ன கலவை என்று அறிந்தே எங்களுக்கு விற்றதனால், திரும்பி வரும் துண்டும் இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அத்துண்டுகளைப் பழைய இரும்புக் கடையில் அவர்கள் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வருகிறோம்.

எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. தங்கள் விற்பனை நிலையம் ஒன்றில் ஆறு மாதம் சோதித்துப் பாருங்கள். மூன்று தடிமன் செம்புக் கம்பி, இரண்டு தடிமன் பித்தளைத் தகடு, ஒரு தராசு, ஒரு கத்தரி, கலவையும் மில்லிமீட்டரும் எழுத ஒரு சீட்டுக் கட்டு ஆகியவை போதும். முதல் நாள் காலையில் வந்து நிற்பவர்களில் நானும் ஒருத்தியாக இருப்பேன், எனக்கு 0.81இல் இருநூறு கிராம் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கும்பகோணத்துக் கம்பி நகைக் கைவினைஞர் ஒருவர்