கருவாட்டு வாசத்தை எதற்குக் கழுவ வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கருவாட்டுக் குழம்பு செய்முறை போட்டிருந்தீர்கள். என் மகள் வாசித்துக் காட்டினாள். ‘வாடை போகும் வரை நான்கைந்து முறை வெந்நீரில் கழுவவும்’ என்ற வரி வந்ததும், இன்னொரு தடவை வாசி என்றேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

பாம்பனில் 28 வருடமாகக் கருவாடு போடுகிறேன். கல்யாணமாகி வந்த வருடமே மாமியாரோடு தென்கடல் கரைக்குப் போக ஆரம்பித்தவள். வாசம் வேறு, வீச்சம் வேறு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். வெயிலில் ஒழுங்காகக் காய்ந்த நெத்திலியை ஒடித்தால் டக்கென்று ஒடியும். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வறுத்த மாவு போல ஒரு வாசம் வரும். ஒடியாமல் வளைந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். இரண்டு நாளில் அதில் வீச்சம் ஏறிவிடும். அப்புறம் எத்தனை அண்டா வெந்நீர் வைத்தாலும் போகாது. நல்ல கருவாட்டை அப்படிக் கழுவினால் ருசி முழுக்கத் தண்ணீரோடு போய்விடும், சட்டியில் சக்கைதான் மிஞ்சும்.

நெத்திலிக்கு நாங்கள் உப்புப் போடுவதில்லை. கடல் தண்ணீரில் அலசி, பழைய வலையை விரித்து அதன் மேல் பரப்புவோம். மணலில் நேரே கொட்டிக் காயவைக்கிறவர்களும் உண்டு. வேலை சுலபம், ஆனால் தின்னும்போது பல்லில் மணல் நறநறக்கும். என் மாமியார் அப்படிக் காய்ந்ததை வீட்டுக் குழம்பில் சேர்க்க விட்டதே இல்லை. பாறை, கட்டா, திருக்கை போன்ற பெரிய மீன் என்றால் முதுகைக் கீறி, குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ கணக்கில் வாலிநோக்கம் கல் உப்பைச் சதைக்குள் அடைத்துத் தொட்டியில் அடுக்குவோம். ஓர் இரவு, மீன் தடிமனாக இருந்தால் இரண்டு இரவு. அப்புறம் அலசி எடுத்து வெயிலில் போட வேண்டும். உப்பிலேயே ஊறி ஊறி என் வலது கை விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் என் விரலை எடுப்பதில்லை, மகள்தான் போய் வைக்கிறாள்.

வெயில் கொளுத்துகிற மாதத்தில் மீன் குறைவு. மீன் குவிகிற மாதத்தில் மழை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் கொண்டுவருவதை வைத்துத்தான் அப்போது எங்கள் பாடு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும்போது தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமே வேலை. அப்படி ஒரு கார்த்திகையில் வியாபாரி ஒருவர் கருவாடு பாதி காய்ந்ததுமே கொடு, எடை நிற்கும் என்று கேட்டார். மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டேன். பத்தாம் நாள் மூட்டை திரும்பி வந்தது, பிரித்தால் புழு. நானே குழி தோண்டிப் புதைத்தேன். உங்கள் செய்முறையை எழுதியவர் கைக்கு அந்த மாதிரிக் கருவாடுதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து எல்லாக் கருவாட்டையும் வெந்நீரில் போடச் சொல்லக் கூடாது இல்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீன் வேலை பார்க்கிறவர்கள் தினமும் பெரிய மீனாகத் தின்போம் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். வஞ்சிரம், விளமீன், நண்டு எல்லாம் எங்கள் கண் முன்னால் வந்து, ஐஸ் பெட்டியில் ஏறிப் போய்விடும். வீட்டுக்கு வருவது காரலும் சூடையும்தான். இல்லாமையால் தின்கிறோம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விளமீனையும் காரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் என் கை காரலுக்குத்தான் போகும். முள் அதிகம், சதை கொஞ்சம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், கொஞ்சம் புளி போட்டுத் தண்ணியாகக் கொதிக்க வைத்தால் அந்தச் சாறு தொண்டையில் இறங்குகிற சுகமே வேறு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற இங்கே காரல்தான் கொடுப்பார்கள். என் இரண்டு பிள்ளைகளும் அதில் வளர்ந்தவர்கள்தான்.

என் அக்கா சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிறவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூழ்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்க வேண்டும். பாசி திரும்ப வளர வேண்டுமே என்று, மாதத்தில் 12 நாள் மட்டும் போவதாக அந்தப் பெண்களே பேசி வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர் லட்சுமி அம்மாவுக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி விருதுகூடக் கிடைத்தது. அவர்கள் எடுக்கிற பாசியில் ஒரு வகையிலிருந்துதான் நோன்பு திறக்கும்போது வைக்கிற கடற்பாசி வருகிறது. அக்கா அதை முதன்முதலாக வாயில் வைத்தது ஐம்பது வயதுக்கு மேல், கீழக்கரையில் தெரிந்தவர்கள் வீட்டில். பாலும் சீனியும் சேர்த்து, வெள்ளை வெளேரென்று துண்டு போட்டிருந்தார்கள். இரண்டு துண்டு தின்றுவிட்டு, ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல கடல் வாசமே இல்லையே’ என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் அந்த வாசத்துக்குள்ளேயே இருந்தவள்.

ராமநாதபுரம் பஸ்ஸில் கூடையோடு ஏறினால் கடைசி சீட்டுக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள், வைத்துவிடுவோம். அது பழகிவிட்டது. பத்திரிகையிலும் வாடை என்று வாசிக்கும்போதுதான் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது.

சரி, எப்படித்தான் செய்வது என்று கேட்பீர்கள். நெத்திலி என்றால் தலையைக் கிள்ளிவிட்டு, வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசினால் போதும். உப்புக் கருவாட்டை அரிசி கழுவிய தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள், அதிகப்படி உப்பு இறங்கிவிடும். காரத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாயையே வறுத்து அரையுங்கள். அதன் நிறமும் கருவாடும் அவ்வளவு பொருத்தம். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, கத்தரிக்காய் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றி, காய் வெந்த பிறகு மாங்காயும் கருவாடும் சேர வேண்டும். பட்டை, கிராம்பு எல்லாம் வேண்டாம். வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள், ஒடிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் புதுக் கருவாடு என்று யாராவது கொடுத்தால் நன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்த முறை இந்தப் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், பாம்பன் தென்கடல் கரைக்கு உங்கள் ஆளை அனுப்புங்கள். பங்குனி மாதம் நல்லது. காலை ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் கருவாட்டைத் திருப்பிப் போட வேண்டும், நின்று பேச நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன்.