செலே பள்ளத்தாக்கிலிருந்து கலாவுக்கு

துலூஸ்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம் என்று அவளிடம் சொல். காரைக்கால் பக்கம் இருக்கும் உங்கள் வீட்டைப் பற்றி நீ எழுதியிருந்த பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா போன பிறகு பூட்டியே கிடக்கிறது, விற்பதா வைப்பதா என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு என் மனதில் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அது எனக்கு எங்கே தோன்றியது என்று முதலில் சொன்னால்தான் நான் சொல்ல வருவது உனக்குப் பிடிபடும்.

போன வாரம் மறுபடி இங்கே தென்மேற்கு பிரான்ஸில் ஓடும் செலே ஆற்றோரம் சைக்கிளில் போய்விட்டு வந்தேன். "அதே ரோட்டுக்கே போகிறாயே, அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?" என்று கேட்டிருந்தாய் அல்லவா? அந்த ரோட்டுக்குப் பெயர்கூடக் கிடையாது, டி 41 என்று எண் மட்டும்தான். ஃபிஜாக் என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிரிந்து, செலே லோட் ஆற்றில் போய்ச் சேரும் இடம் வரை ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து போகிறது. ஃபிஜாக்கிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் இருக்கும். தண்ணீர் ஓடுகிற பக்கமே போவதால் மூச்சு வாங்குகிற ஏற்றம் கிடையாது. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை சுவர்போல நிமிர்ந்து நிற்கும், சில வளைவுகளில் தலைக்கு மேலேயே கவிந்துவிடும். மறுபக்கம் வால்நட் மரங்கள், மக்காச்சோளக் கொல்லைகள், புகையிலை காயப்போட்ட பழைய மரக் கொட்டகைகள். காலை நேரத்தில் எப்போதாவது ஒரு கார் வரும். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது, பெரும்பாலும் அதை மதிக்கிறார்கள். கார் போய் மறைந்ததும் செயின் ஓடுகிற சத்தமும், பழைய மாவு மில்களின் தடுப்பணையில் தண்ணீர் விழுகிற சத்தமும்தான்.

ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வரும். எஸ்பஞ்ஞாக்கில் ரோட்டை விட்டு ஒரு சின்னப் பாலத்தைக் கடந்தால் பழைய கன்னியர் மடம். அதன் மணிக்கூண்டு மரச்சட்டமும் செங்கல்லுமாகக் கட்டியது. பக்கத்திலேயே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் துணி காய்கிறது. அங்கிருந்து ப்ரெங், சோலியாக் பக்கம் போகப் போகப் பாறையின் நடு உயரத்தில் கல்லடுக்கிய சுவர்கள் தெரியும். குகை வாயை மறித்துக் கட்டிய கோட்டைகள் அவை. 1337இல் தொடங்கி 1453 வரை இழுத்த நூறாண்டுப் போரில் இந்தப் பகுதி படாத பாடு பட்டது. 1360இல் ஒப்பந்தம் போட்டு இந்தச் சீமையையே இங்கிலாந்து மன்னருக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் கூலிப்படைகள் வேறு. அந்தக் குகைக் கோட்டைகளை இன்றைக்கும் 'ஆங்கிலேயர் கோட்டை' என்றுதான் இந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது மார்சில்யாக். அங்கே பெனடிக்டின் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது. அந்தப் போரில் சூறையாடப்பட்ட கோயிலின் பாதிக்குக் கூரை இல்லை. தூண்களுக்கு நடுவே புல், மேலே வானம். மீதிப் பாதியில் இன்றும் பூசை நடக்கிறது. இந்த மடத்துக்கு ஒரு கதை உண்டு. ரொக்கமதூர் என்ற மலைத்தலம் ஒருகாலத்தில் இவர்களுடையதாக இருந்தது. இவர்கள் கவனிக்காமல் விட்டதால் தூல் என்ற ஊரின் துறவிகள் அங்கே போய்க் குடியேறினார்கள். 1166இல் அங்கே ஒரு துறவியின் உடல் கிடைத்து, யாத்ரீகர் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியதும், எங்கள் இடம் என்று இவர்கள் வழக்குக்கு நின்றார்கள். கடைசியில் பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். இன்றைக்கு ரொக்கமதூரில் நிற்க இடமில்லை, மார்சில்யாக்கில் நான் மட்டும் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

அந்த ரொட்டி வாங்கியதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின ஒரு சிற்றூரில் தண்ணீர் பிடிக்க நின்றேன். இங்கே சைக்கிள்காரர்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் தண்ணீர் பிடிப்பார்கள், பூச்செடிக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு குழாய் இருக்கும். பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தபோது ரொட்டி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. ஊரில் கடை இல்லை, வண்டிதான் வரும். ஒரே ஒரு பாட்டி, எண்பது வயது தாண்டியிருக்கும், சில்லறையை உள்ளங்கையில் எண்ணி வைத்துக்கொண்டு வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். புதுச்சேரி என்றேன். உடனே நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில், "பொந்திஷெரி, காரிக்கால், யனவோன், மாயே, ஷந்தர்நாகோர்!" என்றார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தியாவில் பிரான்ஸ் ஆண்ட இந்த ஐந்து ஊர்களையும் மனப்பாடம் செய்ய வைத்தார்களாம். அந்தப் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டேன். ஜன்னல் பலகை சாத்திய ஒரு கல் கட்டடத்தைக் கை காட்டினார். மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டதாம். பிள்ளைகள் துலூஸில், பேரன் கனடாவில். பக்கத்து வீடுகளைத் திருத்தி வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆட்கள் ஜூலை, ஆகஸ்டில்தான் வருகிறார்களாம்.

கலா, உன் ஊர்ப் பெயரை அந்தப் பாட்டி வாயால் கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது. மீதித் தூரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

நான் இத்தனை காலமாக ஆசைப்பட்டு வருகிற இந்த அமைதி எங்கிருந்து வந்தது? ஜனங்கள் போனதால் வந்தது. 1850 வாக்கில் இந்த லோட் மாவட்டத்தில் மூன்று லட்சம் பேர் வரை இருந்தார்கள். நூறு வருஷத்தில் அது பாதியானது. லோட் ஆற்றில் படகு படகாக ஒயின் போர்தோ துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, ரயில் வந்ததும் படகுத் தொழில் போயிற்று. 1870களுக்குப் பிறகு ஃபைலோக்ஸெரா என்ற பூச்சி வேரின் சாற்றை உறிஞ்சித் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அப்புறம் முதல் உலகப் போர். ஒவ்வொரு ஊரிலும் நினைவுத் தூணில் செத்தவர்கள் பட்டியல் இருக்கிறது, அந்தச் சிற்றூர்களுக்கு அது எவ்வளவு நீளம் என்று நின்று படித்தால்தான் தெரியும். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் பணம் இருந்தவர்கள் யாரும் இங்கே தங்கவில்லை. அதனால்தான் அந்தக் காலத்து ஊர் அப்படியே நிற்கிறது. படம் எடுக்க வருகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

கப்ரெரே தாண்டி, லோட் ஆற்றுக்கு மேலே நூறு மீட்டர் உயரப் பாறையில் சான்-சீர்-லப்போபி இருக்கிறது. 2012இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு மிகவும் பிடித்த கிராமம் என்று டிவியில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊர். அழகுதான், மறுக்கவே மாட்டேன். ஒருகாலத்தில் மரம் கடைகிறவர்கள் தெருத் தெருவாக இருந்தார்களாம், ஒயின் பீப்பாய்க்குக் குழாய் கடைவது அவர்கள் தொழில். இப்போது கோடையில் கார் நிறுத்த இடமில்லை, குளிர்காலத்தில் விளக்கு எரிகிற வீடுகளை எண்ணிவிடலாம். மாறாக ஃபிஜாக்கைப் பார். அதுவும் அதே வயசு ஊர், எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியோன் பிறந்த தெருவும் பதின்மூன்றாம் நூற்றாண்டு வீடுகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் விமானத்துக்கு ப்ரொபெல்லர் செய்கிற ஆலை அங்கே இருப்பதால் இளம் குடும்பங்கள் இருக்கின்றன. சனிக்கிழமைச் சந்தையில் குழந்தை வண்டிகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். இந்த இரண்டில் எந்த ஊர் பிழைத்திருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, உன் வீட்டுக்கு வருகிறேன். தயவுசெய்து பூட்டி வைக்காதே. ரிசார்ட்காரர் கேட்கிறார், நல்ல விலை தருகிறார் என்று எழுதியிருந்தாய். அவருக்கும் கொடுக்காதே என்பதுதான் என் எண்ணம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர் குடும்பம் வாடகைக்குக் கேட்டார்கள் என்று நீயே சொன்னாய். அவர்களைக் குடி வை. வாடகை குறைவாக வந்தாலும் பரவாயில்லை. அந்த முற்றத்தில் யாராவது கோலம் போடட்டும், அடுப்பு எரியட்டும். ஓடு மாற்ற ஆகும் செலவில் என்னால் முடிந்ததைத் தருகிறேன், கூச்சப்படாமல் கேள். அந்தத் திண்ணையில் நானும்தான் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. அடுத்த மே கடைசியில் கட்டாயம் வா. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். துலூஸிலிருந்து ஃபிஜாக்குக்கு ரயிலில் போகலாம். உன் மூட்டுக்கு பேட்டரி சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொள்வோம், அதில் பெடல் லேசாக இருக்கும். வழியில் பெஷ் மெர்ல் குகை இருக்கிறது. ஏறத்தாழ 29,000 வருஷத்துக்கு முந்தின புள்ளிக் குதிரைகளை நகல் இல்லாமல் அசலாகவே பார்க்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருப்பதால் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுகிறேன். விசாவுக்கு நான் அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும், உன் பாஸ்போர்ட் எந்த மாதம் முடிகிறது என்று எழுது. டீச்சரிடம் பேசினாயா என்பதையும் எழுது.

அன்புடன்,
வசந்தி