பத்துப் பேருக்குக் குறைவான தொழிற்கூடங்களில் வேலை செய்யும் பெண்கள் பாலியல் புகார் கொடுக்க, வார்டுதோறும் நோடல் அலுவலர் வேண்டி மனு

அனுப்புநர்
பனியன், விசைத்தறி, தேங்காய்க் களப் பெண் தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்),
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பல்லடம் ரோடு, திருப்பூர்.

நகல்: மாவட்ட சமூக நல அலுவலர் அவர்கள், திருப்பூர்.

பொருள்: பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 – உள்ளூர் புகார்க் குழுவைச் சிறு தொழிற்கூடப் பெண்கள் அணுகும்படி அமைத்தல் – வார்டு, ஒன்றிய அளவில் புகாரை வாங்கி அனுப்பும் நோடல் அலுவலர்களை நியமித்து அறிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊரில் ஒரு டி-சர்ட் ஒரே கட்டடத்துக்குள் தயாராகி முடிவதில்லை. கட்டிங் ஓரிடம், தையல் வேறிடம், காஜா பட்டன் இன்னோரிடம், பிசிறு வெட்டுவது லைன் வீட்டு வாசலில். எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வெளிநாட்டு பையரின் ஆடிட் வரும். அதனால் அங்கே, கம்பெனிக்குள்ளேயே பாலியல் புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் பெயர்ப் பலகை மாட்டியிருக்கும். அதே கம்பெனியின் துணி, கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க்குக்காக வேலம்பாளையத்திலோ முருகம்பாளையத்திலோ வீட்டுக்குப் பின்னால் போட்ட தகரக் கொட்டகைக்குப் போனால், ஆடிட் அதுவரை வராது. பலகையும் இருக்காது. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தைக்கும், பவர் டேபிள் என்று சொல்லும் அந்தத் தையல் கூடங்களில் வேலை செய்யும் பெண்களுக்காகவே முதன்மையாக இந்த மனுவைக் கொடுக்கிறோம்.

இவர்களைச் சட்டம் மறந்துவிடவில்லை. பத்துப் பேருக்குக் குறைவான தொழிலாளர்கள் இருப்பதால் உள்ளகக் குழு அமைக்கப்படாத இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் எழும் எல்லா இடங்களுக்கும் மாவட்டத்தில் ஓர் உள்ளூர் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 6(1). அடுத்த உட்பிரிவு இன்னும் முக்கியமானது. ஊர்ப்புறத்தில் ஒன்றியம், தாலுகா அளவிலும், நகர்ப்புறத்தில் வார்டு அல்லது நகராட்சி அளவிலும் ஒரு நோடல் அலுவலரை, இந்தச் சட்டத்துக்காக அரசு அறிவிக்கும் மாவட்ட அலுவலர் நியமிக்க வேண்டும். அவர் புகாரை வாங்கி ஏழு நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2024 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவில், மாவட்ட அலுவலர்களை 31.12.2024-க்குள்ளும் உள்ளூர் குழுக்களை 31.01.2025-க்குள்ளும் நியமித்து முடிக்கக் கெடு விதித்தது. நம் மாநகராட்சியின் 60 வார்டுகளிலும், நகராட்சிகளிலும், 13 ஊராட்சி ஒன்றியங்களிலும் புகாரை வாங்கும் அந்த அலுவலர் யார், எந்தக் கட்டடத்தில், எந்த நேரத்தில் இருப்பார் என்பது தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். நியமனம் முடிந்திருந்தால் பெயரையும் இடத்தையும் நேரத்தையும் அறிவியுங்கள். இன்னும் நியமிக்காத இடங்களில் நியமியுங்கள். எங்கள் முதல் கோரிக்கை இதுதான்.

பவர் டேபிளில் தொல்லை எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால்தான் புகார் ஏன் வெளியே வருவதில்லை என்பது புரியும். தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட் வேலையில் மிரட்டுவதற்குச் சத்தம் போட வேண்டியதில்லை. தைக்க வேண்டிய துணிப் பண்டலைப் பிரித்துக் கொடுப்பவரும், டேமேஜ் என்று திருப்பி அடிப்பவரும், சனிக்கிழமை கணக்குப் பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்: காண்ட்ராக்டர், அல்லது அவர் வைத்த சூப்பர்வைசர். ஒரு பெண் அவருக்கு இடம் கொடுக்கவில்லை என்றால் வேலையை விட்டு நிறுத்தமாட்டார். பண்டல் அவளுக்குக் கடைசியாக வரும். சுலபமான சைடு பீஸ் வேறொருவருக்குப் போகும். தைத்துக் கொடுத்ததில் பாதி டேமேஜ் என்று திரும்பி வரும். டைலருக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பெண்களின் நிலை இன்னும் மோசம். எதிரில் உட்கார்ந்து தைக்கும் டைலர் 'இவள் வேண்டாம்' என்று சொன்னாலே அவளுக்கு மறுநாள் வேலை இல்லை.

இதற்குச் சாட்சி இல்லை என்று சொல்லித்தான் புகார்கள் தள்ளுபடி ஆகின்றன. சாட்சி இருக்கிறது. டைலர் பெண்கள் பலர் இடுப்பில் செருகியிருக்கும் சிறு நோட்டில் தேதி, பண்டல் நம்பர், சைஸ், செய்த வேலை, பீஸ் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வைக்கிறார்கள். திங்கள், செவ்வாயில் 'ஓவர்லாக் – சைடு' என்று தையல் வேலையாக இருக்கும் பக்கம், புதன்கிழமை தொல்லையை மறுத்த பிறகு வியாழனில் 'பிசிறு' என்று மாறியிருக்கும். டைலரைப் பிசிறு வெட்ட உட்கார வைத்தால் வாரக் கூலி எங்கே வந்து நிற்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். இந்த நோட்டை ஆவணமாகக் குழு ஏற்க வேண்டும். காண்ட்ராக்டர் கையில் இருக்கும் கணக்கு நோட்டையும் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் ஆட்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைப் பிரிவு 11(3) குழுவுக்குக் கொடுத்திருக்கிறது.

அடுத்தது ஆள் கணக்கு. 'பத்துப் பேர்' என்றால் பத்துப் பெண்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது ஆண், பெண் இருபாலரும் சேர்ந்த பத்துத் தொழிலாளர்களை. ஒரே கொட்டகையில் இரண்டு பெயரில் கம்பெனி நடத்துவதும், 'மெஷின் என்னுடையது, ஆட்கள் காண்ட்ராக்டருடையவர்கள்' என்று கைகாட்டுவதும் இங்கே வழக்கம். இதனால் புகாரோடு வரும் பெண்ணை 'உன் கம்பெனியில் உள்ளகக் குழு இருக்கிறதா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதை எண்ண வேண்டியது அவள் வேலையல்ல. நோடல் அலுவலர் எந்தப் புகாரையும் முதலில் வாங்கி, பதிவு எண்ணோடு ரசீது கொடுக்கட்டும். யார் விசாரிப்பது என்பதைக் குழு பிறகு முடிவு செய்துகொள்ளலாம். நேரடி ஆள், காண்ட்ராக்ட் ஆள், தினக்கூலி, பயிற்சியாள் என எல்லோரும் இந்தச் சட்டத்தில் 'ஊழியர்'தான்; எழுதிய நியமனக் கடிதம் தேவையில்லை. வேலையை விட்டுப் போன பெண்ணும் புகார் கொடுக்கலாம்.

நேரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. அரசு அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்தே முக்காலுக்கு மூடுகிறது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வருவதானால் ஒரு நாள் கூலி போகும். ஏன் லீவு என்ற கேள்வியும் வரும். மடத்துக்குளத்திலிருந்தோ மூலனூரிலிருந்தோ பல்லடம் ரோட்டுக்கு வந்து திரும்பினால் அன்றைய பொழுது முடிந்துவிடும். எனவே வாரத்தில் ஞாயிறு முற்பகலும், ஒரு வேலைநாள் இரவு ஏழு முதல் ஒன்பது வரையும் புகார் வாங்க வேண்டும். இடம் அங்கன்வாடியாக இருந்தால் நல்லது. ஒரு பெண் அங்கே போனால் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். முதலாளிகளும் ஊர்ப் பெரியவர்களும் வந்து போகும் கட்சி அலுவலகமோ வார்டு உறுப்பினர் அலுவலகமோ வேண்டவே வேண்டாம். நோடல் அலுவலர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

புகார் கொடுக்கச் சட்டம் தரும் காலம் மூன்று மாதம். தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். காரணத்தை எழுதிவைத்துக் குழு மேலும் மூன்று மாதம் நீட்டலாம். ஆனால் ஆடியில் தொல்லை நடந்தால் தீபாவளி போனஸ் கைக்கு வரும்வரை ஒரு பெண் வாய் திறக்கமாட்டாள். வருஷத்தில் ஒரே முறை வரும் மொத்தப் பணம் அது. அதைக் கொண்டு அடைக்க வேண்டிய கடன் இருக்கும். போனஸ் வாங்கி, நோம்பி (பண்டிகை) முடிந்து, வேறு கம்பெனிக்கு மாறிய பிறகு பேசத் தொடங்கும்போது மூன்று மாதம் தாண்டியிருக்கும். போனஸ், அட்வான்ஸ் நிலுவை, சொந்த ஊருக்குப் போய்விட்டது ஆகியவற்றைக் காலநீட்டிப்புக்குரிய காரணங்களாக ஏற்கும்படி குழுவுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டுகிறோம்.

இந்தச் சட்டத்தின் 2013 விதிகளின்படி புகாரை ஆறு பிரதிகளாக, ஆவணங்களோடும் சாட்சிகளின் பெயர் முகவரியோடும் கொடுக்க வேண்டும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இப்படி ஒரு தாளை ஆறு பிரதி எடுத்தால் இரவுக்குள் அந்தக் காம்பவுண்டு முழுக்கச் செய்தி பரவிவிடும். பிரதி எடுப்பதை நோடல் அலுவலரே செய்யட்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தர வேண்டியது குழுவின் கடமை என்று பிரிவு 9-லேயே இருக்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களுக்கு ஒடியா, இந்தி தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். கம்பெனி ஏஜெண்டை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்கக் கூடாது. விசாரணைக் கடிதத்தைக் கம்பெனி முகவரிக்கோ, உறையின் மேல் விவரம் எழுதி லைன் வீட்டுக்கோ அனுப்ப வேண்டாம். பாதுகாப்பான போன் நம்பர் எது, எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று புகார் வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பெயரை வெளியிடக் கூடாது என்ற பிரிவு 16-ஐக் காப்பாற்ற இதுதான் வழி.

விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அந்த 90 நாளும் அவள் எங்கே வேலை செய்வாள்? இடமாற்றம், மூன்று மாதம் வரை விடுப்பு ஆகியவற்றை இடைக்கால நிவாரணமாகச் சட்டம் சொல்கிறது. எட்டுப் பேர் உள்ள கொட்டகையில் எங்கே மாற்றுவது? பீஸ் ரேட் ஆளுக்கு விடுப்பு என்றால் நடைமுறையில் கூலியில்லாத நாள். எனவே எங்கள் தொழிலுக்குப் பொருந்தும் நிவாரணத்தைக் கேட்கிறோம். எதிர்மனுதாரர் அந்தப் பெண்ணின் வேலையை மதிப்பிடக் கூடாது என்று குழு பரிந்துரைக்க விதி 8 இடம் கொடுக்கிறது. அதைப் பவர் டேபிளுக்குப் பொருத்தினால், அவளுக்குப் பண்டல் கொடுப்பது, டேமேஜ் பார்ப்பது, சனிக்கிழமை கணக்கு முடிப்பது மூன்றையும் வேறு ஒருவர் செய்ய வேண்டும் என்று உத்தரவாகும். விடுப்பே தேவையென்றால், முந்தைய வாரங்களின் சராசரிக் கூலியைக் கணக்கிட்டு அந்த நாட்களுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

சமரசம் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். பெண் தானே கேட்டால்தான் சமரசம். பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யவே கூடாது என்று பிரிவு 10 தெளிவாகச் சொல்கிறது. ஆனால் காண்ட்ராக்டர், ஊர்க்காரர், சாதிப் பெரியவர் என்று நாலு பேர் உட்கார்ந்து ஒரு தொகையைக் கையில் திணித்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அப்படி வாங்கிய தாளைக் காட்டி யாரும் விசாரணையை முடிக்கக் கூடாது. 'நிரூபிக்க முடியாவிட்டால் உன் மேலேயே கேஸ்' என்று மிரட்டுவதும் நடக்கிறது. நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று பிரிவு 14 சொல்வதை நோடல் அலுவலர் முதல் சந்திப்பிலேயே அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அறிவிப்புப் பலகையை ஆபீஸ் அறையில் மாட்டினால் சூப்பர்வைசர் கண்முன் நின்று யாரும் படிக்கமாட்டார்கள். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டினால் படிப்பார்கள். கம்பெனி வேனுக்குள்ளும் ஒட்ட வேண்டும். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் சட்டப்படி பணியிடம்தான். தாராபுரம், காங்கயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியலில் ஏறி இரவில் இறங்கும் பெண்கள் வேன்களில் படும் தொல்லையும் இந்தக் குழு விசாரிக்க வேண்டியதே. தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் ஐந்து வரி போதும்: நோடல் அலுவலர் பெயர், இடம், நேரம், போன் நம்பர், பெண்கள் உதவி எண் 181. ரேஷன் கடையிலும் ஒன்று.

காங்கயம் தேங்காய்க் களங்களிலும் பல்லடம் விசைத்தறிக் கூடங்களிலும் இதே நிலைதான். களத்தில் தங்கி வேலை செய்யும் குடும்பங்களுக்கு வீடும் முதலாளியுடையது என்பதால், புகார் கொடுத்த அன்றே குடும்பத்தோடு வெளியேற வேண்டிவரும். அங்கே இடைக்கால நிவாரணத்தில் தங்குமிடமும் சேர வேண்டும்.

உள்ளூர் குழுவில் ஓர் உறுப்பினர் அந்த ஒன்றியம், தாலுகா அல்லது வார்டில் வேலை செய்யும் பெண்களிலிருந்து வர வேண்டும் என்பது பிரிவு 7. அந்த இடத்தில் ஒரு டைலரோ செக்கிங் பெண்ணோ உட்கார வேண்டும். சிங்கர் மெஷினுக்கும் ஓவர்லாக் மெஷினுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் இருந்தால்தான் அந்தச் சிறு நோட்டை வாசிக்க முடியும். உறுப்பினருக்கு 2013 விதிகள் நிர்ணயித்த அலவன்ஸ் நாளுக்கு 200 ரூபாய். ஒரு ஷிப்ட் கூலியை இழந்து வருபவருக்கு இது ஈடாகாது. அமர்வுகளை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அந்த இழப்பு இல்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள் ஆண்டறிக்கையைத் தங்களுக்கு அனுப்பக் கடமைப்பட்டவை. அனுப்பாதவற்றின் பட்டியலை எடுத்து, ஜாப் ஒர்க் கொடுக்கும் கூடங்களின் விவரத்தையும் அவர்களிடமே கேட்டு வாங்கினால், பெயர்ப் பலகையே இல்லாத கொட்டகைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணோ, குழு அதிகாரம் அளித்த ஒருவரோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்கிறது பிரிவு 27. அந்த அதிகாரத்தை ஓர் அலுவலருக்கு இப்போதே எழுதிக் கொடுக்கும்படி குழுவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா வார்டுகளிலும் ஒரே நாளில் தொடங்க இயலாவிட்டால், பவர் டேபிள்கள் நெருக்கமாக உள்ள வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், முருகம்பாளையம், வீரபாண்டி, நல்லூர் பகுதிகளிலும், ஒன்றியங்களில் பல்லடம், காங்கயத்திலும் முதலில் தொடங்குங்கள். அடுத்த தீபாவளி போனஸுக்கு முன் அந்தப் பெயர்களும் நேரமும் கழிப்பறைக் கதவுகளில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையை 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: திருப்பூர்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள பெண் தொழிலாளர்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள்; கழிப்பறைக் கதவு, வேன் அறிவிப்பின் மாதிரி – தமிழ், இந்தி, ஒடியா.