பிரேசில் நகரங்கள்: எந்த எல்லை, எந்தக் கணக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பிரேசில் கட்டுரையின் பட்டியலில் சாவோ பாவ்லோவுக்கு 2.2 கோடி, ரியோவுக்கு 62 லட்சம் என்று அடுத்தடுத்து இருந்தது. முதல் எண் பெருநகரப் பகுதிக்கு உரியது. இரண்டாவது நகராட்சி எல்லைக்குள் மட்டும் எண்ணியது. 2022 கணக்கெடுப்பில் சாவோ பாவ்லோ நகராட்சியின் மக்கள்தொகை 1.145 கோடி. சுற்றியுள்ள 38 நகராட்சிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 2.07 கோடி. உங்கள் பட்டியலை நம்பினால் ரியோ சாவோ பாவ்லோவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் நகராட்சி எல்லை என்ற ஒரே அளவுகோலில் வைத்தால் பாதிக்கு மேல் வருகிறது.

பிரேசிலில் நகராட்சி என்பது ஊரும் வயலும் காடும் சேர்ந்த நிலப்பரப்பு. பாரா மாநிலத்து அல்தமீரா நகராட்சியின் பரப்பு 1.59 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடப் பெரிது! அங்கே இருப்பவர்கள் 1.26 லட்சம் பேர்தான்.

பிரேசிலியா 28 லட்சத்தோடு மூன்றாம் இடத்துக்கு வந்ததைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். தலைநகர் பிரேசிலியா அமைந்துள்ள கூட்டாட்சி மாவட்டத்தை நகராட்சிகளாகப் பிரிக்க அந்நாட்டு அரசியல் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் செய்லாந்தியா, தாகுவாதிங்கா போன்ற துணை நகரங்கள் எல்லாம் பிரேசிலியா கணக்கிலேயே விழுகின்றன. பரப்பு 5,760 சதுர கிலோமீட்டர். பாயியா மாநிலத் தலைநகர் சால்வடோருக்கு 700கூட இல்லை. சால்வடோர் 2010இல் 26.76 லட்சமாக இருந்து 2022இல் 24.18 லட்சமாகக் குறைந்தது உண்மை. ஆனால் ஒட்டியிருக்கும் லாவ்ரோ தெ ஃப்ரெய்தாஸ் 1.63 லட்சத்திலிருந்து 2.03 லட்சமாகவும், கமசாரி 2.43 லட்சத்திலிருந்து 3 லட்சமாகவும் வளர்ந்திருக்கின்றன. எல்லைக்கோட்டைத் தாண்டிக் குடிபோனவர்களையும் ‘நகரம் காலியாகிறது’ என்ற வரியில் சேர்த்துவிட்டீர்கள்.

பிரேசில் முழுவதையும் பற்றி, ‘ஒரே ஆண்டில் ஒரு கோடிப் பேர் குறைந்தார்கள்’ என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. 2021இன் 21.33 கோடி என்பது மதிப்பீடு, 2022இன் 20.31 கோடி வீடு வீடாக எண்ணியது. இடையில் 2015இல் நடக்க வேண்டிய சிறு கணக்கெடுப்பு பணமில்லாமல் கைவிடப்பட்டதால் 2010இன் அனுமானங்களே நீண்டுகொண்டு போயின. 2020 கணக்கெடுப்பைக் கொரோனா தள்ளிப்போட்டது, 2021இல் நிதி வெட்டப்பட்டது. எண்ணும் வேலையிலும் விடுபட்டவர்கள் உண்டு. அதைச் சரிசெய்து, 2022இன் மக்கள்தொகை 21.09 கோடி என்று 2024இல் அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனமே திருத்தி வெளியிட்டது. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் எல்லை எது, ஆண்டு எது, எண்ணியதா மதிப்பிட்டதா என்ற மூன்றையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

அங்கே இந்த எண்ணைப் பார்த்துத்தான் பணம் வருகிறது. மத்திய வரிப் பங்கைப் பிரிக்கும் நிதியத்தில், மாநிலத் தலைநகரம் அல்லாத சிறு நகராட்சிக்கு 10,188 பேர் வரை குணகம் (பங்கின் அளவைத் தீர்மானிக்கும் எண்) 0.6. ஒரே ஒருவர் கூடினால் 0.8. சின்ன ஊர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் முக்கிய வருமானம். கணக்கெடுப்பு முடியும் முன்பே அரைகுறை எண்ணை வைத்து 2023க்கான பங்கை நிர்ணயித்தபோது நகராட்சிகள் நீதிமன்றம் போயின. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பிறகு 2023இல் வந்த சட்டம், குணகம் இறங்கிய ஊர்களின் இழப்பை ஆண்டுக்குப் பத்து சதவீதமாகப் பிரித்துப் பத்து ஆண்டுகளுக்குப் பரப்பியிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி