கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ரயில்களை இயக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை மூர் மார்க்கெட் வளாகம் (சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம்) வரை 48 கிலோமீட்டர். நிலையத்துக்கு நிலையம் நின்றாலும், தடையில்லாமல் வந்தால் மின்சார ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். தடைதான் எங்கள் பிரச்சினை.

அத்திப்பட்டுக்குத் தெற்கே கூடுதல் பாதைகள் இருக்கின்றன. அத்திப்பட்டுக்கு வடக்கே இரண்டே பாதைகள்: போக ஒன்று, வர ஒன்று. கொல்கத்தா, டெல்லி, ஹைதராபாத் எக்ஸ்பிரஸ்களும் சரக்கு ரயில்களும் நாங்களும் அதில்தான். 2022இல், இந்த வழியே ஆந்திரத்துக்குப் போகும் சென்னை–கூடூர் தடத்தில் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டராக உயர்ந்தது. நெடுந்தூரப் பயணிகளுக்கு நல்ல செய்தி; மனதார வரவேற்கிறேன். ஆனால் முன்னால் நின்று நின்று போகும் ரயிலின் வேகம் கூடவில்லையே! பின்னால் வருவது எவ்வளவு விரைகிறதோ, அவ்வளவு முன்கூட்டியே எங்களை லூப் லைனில், அதாவது நிலையத்தில் முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கப் பாதையில், ஒதுக்க வேண்டியிருக்கிறது.

கவரைப்பேட்டையில் வண்டி நிற்கிறது. என் எதிரே கீரைக்கட்டுகளோடு வரும் அம்மா பாட்டிலைத் திறந்து கட்டுகளின் மேல் தண்ணீர் தெளிக்கிறார். எக்ஸ்பிரஸ் கடக்கிறது, நாங்கள் கிளம்புகிறோம். மிஞ்சூரில் மறுபடியும் நிறுத்தம், மறுபடியும் ஒரு எக்ஸ்பிரஸ். அவர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறார். சொட்டுத் தண்ணீர் இல்லை. எட்டு மணிக்குள் கடை போடாவிட்டால் அந்தக் கீரையை யார் வாங்குவார்கள்?

எங்கள் ரயிலை வேகமாக ஓட்டச் சொல்லவில்லை. 2024 அக்டோபர் 11 இரவு, லூப் லைனில் நின்ற சரக்கு ரயில் மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது இதே கவரைப்பேட்டையில்தான். பாதுகாப்புக்காக எத்தனை நிமிடம் நிறுத்தினாலும் பொறுத்துக்கொள்வோம். கேட்பது வேறு. காலை நெரிசல் நேரத்தில் எக்ஸ்பிரஸ்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்பாமல், இரண்டு மூன்றை அடுத்தடுத்து அனுப்புங்கள். நாங்கள் ஒரே இடத்தில் ஒரே முறை நின்றால் போதும். அந்த நிறுத்தத்தையும் கால அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். பத்து நிமிடம் முன்னதாக வீட்டைவிட்டுக் கிளம்பிக்கொள்கிறோம். காத்திருப்பதைவிட, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் மனிதரை வதைக்கிறது. அவசரமில்லாத சரக்கு ரயில்களை அந்த இரண்டு மணி நேரம் மட்டும் நிறுத்திவைக்க முடியாதா?

அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டி மூன்றாவது, நான்காவது பாதைதான் முழுத் தீர்வு. அதற்கு நிலமும் பணமும் ஆண்டுகளும் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அட்டவணையைத் திருத்த ஒரு அடி நிலம்கூட வேண்டாம். அடுத்த அட்டவணை தயாராகும்போது கும்மிடிப்பூண்டியிலிருந்து காலை ஆறு முதல் எட்டு மணிக்குள் புறப்படும் ரயில்களிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கும்மிடிப்பூண்டி சீசன் டிக்கெட் பயணி