அழிவை அருள் என்ற மேடைக்கு ஒரு மடல்

எங்கள் ஊர் அம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வைகாசிப் பொங்கல் இரவு மேடையில் என்ன பேசப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்து கேட்டீர்கள். கண்ணகி அம்மன் மதுரையை எரித்தது போலத்தான் 2004இல் கடல் வந்ததும் 2009இல் இறுதிப் போரில் நடந்ததும், தெய்வம் அழித்தால் அதுவும் அருள்தான், எங்கள் பாவம் கழிந்தது என்றார் பேச்சாளர். முடிந்ததும் பொன்னாடை போர்த்தினீர்கள். அந்தப் பேச்சு பிழை என்று அதே மேடையில், அதே ஒலிபெருக்கியில் நீங்கள் சொல்ல வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்த நேரம் நான் பொங்கல் அடுப்படியில் நின்றேன். பக்கத்து அடுப்பில் ஒரு அக்கா. முல்லைத்தீவுக் கரையில் இருந்தவர். டிசம்பர் 26 காலை இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனது. இளையவனுக்கு நாலு வயது. பேச்சைக் கேட்டதும் அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப என்ர சின்னவன் செய்த பாவம் என்ன தங்கச்சி?”

என்னிடம் பதில் இல்லை. சபையிடம் இருந்தால் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

தெய்வம் அழிப்பது அறமாகுமா என்றால், கதைக்குள் ஆகலாம் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கதைகளை முழுதாகச் சொல்ல வேண்டும். கண்ணகி எடுத்தவுடன் தீ வைக்கவில்லை. அரசவைக்குப் போய் வழக்குரைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். அரசன் தானே கள்வன் என்று சொல்லி உயிர்விட்டான். பிறகு தீக்கடவுளிடமும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள் எல்லாரையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்றுதான் சொன்னாள். குழந்தைகள் என்ற சொல் அங்கே இருக்கிறது ஐயா. அவ்வளவு கோபத்திலும் அவள் மறக்கவில்லை.

அப்படியிருந்தும், அரசன் இறந்த பிறகு ஊர் எதற்கு எரிய வேண்டும் என்ற கேள்வி எனக்கு உண்டு. மதுரைக் கடைத்தெருவில் சுமை தூக்கியவனுக்கும் சிலம்புக்கும் என்ன தொடர்பு? இளங்கோவடிகளே அதை அப்படியே விடவில்லை. மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகியிடம் ஊழ்வினையை எடுத்துச் சொல்லித் தீயிலிருந்து ஊருக்கு விடுதலை வாங்குகிறது. சிவன் முப்புரம் எரித்தபோதும் மூவர் பிழைத்தார்கள் என்று சுந்தரர் பாடுகிறார். இருவர் வாயில் காவலர், ஒருவர் முழவு வாசிப்பவர்.

2004இல் வந்தது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கி எழுந்த அலை. அது யாரிடமும் வழக்குக் கேட்கவில்லை. 2009இல் நடந்தது மனிதர் செய்தது. பதுங்குகுழிப் பங்கருக்குள் யார் இருந்தார் என்று ஷெல் பார்க்கவில்லை. அதைத் தெய்வத்தின் கணக்கில் எழுதிவிட்டால், செய்தவரிடம் பிறகு யார் கேட்பது?

மதுரையை எரித்தவளிடம் எங்கள் சனம் இன்னும் எரி என்று கேட்டதில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதையைப் பாருங்கள். முல்லைத்தீவில் நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த பொடியளிடம் கிழவியாக வருகிறாள். அவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். எண்ணெய் இல்லை, கடல் தண்ணீரில் விளக்கெரிகிறது. பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் கொடுக்கிறாள், பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். சின்னப் பிள்ளைகளின் கையால் வாங்கிச் சாப்பிட்ட அம்மன் அவள். அதே நந்திக்கடல் ஓரத்தில்தான் 2009 மே மாதம் சனம் நின்றது. அந்தச் சனத்தை அழித்தது இவள் என்று எப்படி வாய் வருகிறது?

விடிய விடிய ஆடிய கோவலன் கூத்தை இரண்டு மணித்தியாலமாகச் சுருக்கியதும் இந்தச் சபைதான். வழக்குரைக்கும் இடத்தை வெட்டிவிட்டு எரிக்கும் இடத்தை மட்டும் வைத்தீர்கள். உபயகாரர் பெயர் வாசிக்க நேரம் கிடைக்கிறது, கண்ணகி வாய் திறந்து நியாயம் கேட்க நேரம் இல்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

விஜயதசமியன்று மானம்பூத் திருவிழாவில் வாழை வெட்ட ஊரே கூடும். அன்றைக்கு ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, கடலிலும் போரிலும் இறந்தவர்கள் பாவத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் அல்லர், அந்தப் பேச்சு சபையின் கருத்தும் அல்ல என்று அறிவியுங்கள். பேச்சாளரை நான் குறை சொல்லி எழுதவில்லை, மேடை உங்களுடையது. அறிவிக்க முன் அந்த அக்காவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு அவர் கோயிலுக்கு வருவதில்லை.

தயவுடன் கேட்கும்,
கோயில் அடியாள் ஒருத்தி