ஒன்பதாம் இலக்கச் சட்டை

மெல்பேர்ண்
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான் சிவா,

உன் கடிதம் வந்து நாலு மாதம். பதில் போடாமல் விட்டது பிழைதான், அதற்கு நேரில் வரும்போது ஏசிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். அக்காவின் முழங்கால் பரவாயில்லை. குகனுக்கு ஒருவழியாய் வீடு சரிவந்துவிட்டது. விலையை எழுதினால் உனக்கு நித்திரை வராது, ஆனபடியால் எழுதவில்லை.

நேற்று நீ அனுப்பிய செய்திதான் என்னை மேசைக்கு இழுத்தது. கபிலனுக்கு ஒன்பதாம் இலக்கச் சட்டை கொடுத்துவிட்டார்கள் என்று செத்தவீட்டுச் செய்தி மாதிரி அனுப்பியிருக்கிறாய். அதற்குக் கீழே, "நானும் ஹூக்கர்தானே, ஸ்க்ரம்மில் காலால் பந்தைக் கொத்திற வித்தையைக் காட்டிக்கொடுக்கிறேன்" என்று வேறு. உடனே நிப்பாட்டு. நீ கொழும்பிலே விளையாடியது றக்பி யூனியன். அங்கே ஹூக்கர் இரண்டாம் இலக்கம். இரண்டு பக்கமும் தோள் கோத்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மின் நடுவில் தொங்கிக்கொண்டு பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்கிறவன், பந்து கோட்டுக்கு வெளியே போனால் நிற்கிற லைன்அவுட் வரிசைக்குப் பந்தை எறிகிறவன். உன் பெடியன் விளையாடுவது றக்பி லீக். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், லைன்அவுட் கிடையாது. ஸ்க்ரம் பெயருக்குத்தான் இருக்கிறது, பந்தைப் போடுகிற பக்கத்துக்கே அது வந்துவிடும். ஹூக்கர் என்ற பெயர் மட்டும் பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

லீக்கில் ஒன்பதாம் இலக்கத்தின் வேலை வேறு. பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து விழுத்துவது டக்கிள், ஒரு பக்கத்துக்கு ஆறு. ஒவ்வொரு டக்கிளுக்கும் பிறகு விழுந்தவன் எழும்பி, பந்தை நிலத்தில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டுவான். அதைப் பின்னால் நின்று எடுக்கிறவன் டமி ஹாஃப். அநேகமாக அவன்தான் ஹூக்கர். ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்குக் கிட்ட அவன் கையில் பந்து வரும். வேறு யாருக்கும் அப்படி வராது. மொக்கன் என்பதால் பின்னுக்குக் குனிய வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதே. அந்த ட்ரெயினர் உன் பெடியனின் கையில் முழு ஆட்டத்தையும் கொடுத்திருக்கிறார்.

அதுவும் நீ இருக்கிற இடம் லோகன்! கமரன் ஸ்மித் சின்ன வயதில் விளையாடியது லோகன் பிரதர்ஸ் கழகத்துக்கு. உன் வீட்டிலிருந்து கார் எடுத்தால் எத்தனை நிமிடம் என்று பார். இந்த விளையாட்டில் அந்த ஆளைவிடப் பெரிய ஹூக்கர் வந்ததில்லை என்பது என் முடிவு. குயின்ஸ்லாந்தில் இருந்துகொண்டு நீ அதை மறுத்தால் உனக்குப் பால் ஊற்றவும் ஆள் வராது.

ஆள் 1983 யூனில் பிறந்தவர். 2002இல் மெல்பேர்ண் ஸ்டோர்ம் கழகத்துக்கு முதல் ஆட்டம் ஆடியது ஹூக்கராக இல்லை, ஹாஃப்பேக்காக. அந்த வருடம் இரண்டே இரண்டு ஆட்டம். அப்போது அங்கே ஹூக்கர் ரிச்சர்ட் ஸ்வெயின். அவர் பிரிஸ்பேனுக்குப் போனதும் 2003இல் கிரெய்க் பெலமி பயிற்றுநராய் வந்தார், ஒன்பதாம் இலக்கம் ஸ்மித்துக்கு வந்தது. அந்த வருடமே குயின்ஸ்லாந்து மாநில அணிக்கும் ஆடினார். பிறகு 2020 வரைக்கும் சட்டை மாறவில்லை, கழகமும் மாறவில்லை. 430 ஆட்டம். 400ஐத் தொட்ட முதல் ஆள் அவர்தான். குயின்ஸ்லாந்துக்கு 42, அவுஸ்திரேலியாவுக்கு 56 டெஸ்ட்.

இனி இந்தக் கணக்கைப் பார். மொத்தம் 2,786 புள்ளி, இந்தப் போட்டியின் வரலாற்றில் கூடியது. ஆனால் ட்ரை, அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்து எடுக்கிறது, 48தான். கிட்டத்தட்ட ஒன்பது ஆட்டத்துக்கு ஒன்றுதான். மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் கோல் உதைத்து எடுத்தது, 1,295 கோல். அதாவது ஓடி விழுந்து ட்ரை போட்டுப் பெயர் எடுத்த ஆள் இல்லை. அப்படியிருந்தும் வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கம் 2006இலும் கிடைத்தது, 2017இலும் கிடைத்தது. இடையில் பதினொரு வருடம், இரண்டாவது தடவை வயது 34. கால் வேகத்தை நம்பினவன் இருபத்தொன்பதில் மெதுவாய்ப் போவான். ஸ்மித் நம்பியது கண்ணையும் கையையும்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நீ அனுப்பின வீடியோவை ஏழெட்டுத் தடவை பார்த்தேன். கபிலன் பந்தை எடுத்தவுடன் ஓடுகிறான். ஒவ்வொரு தடவையும். கரையில் நின்று "ஓடு, ஓடு" என்று கத்துகிற குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு ஹாரி கிராண்ட் பிடிக்கும் என்பதும் விளங்குகிறது. கிராண்ட் கெட்டிக்காரன், ஸ்மித்துக்குப் பிறகு ஸ்டோர்மின் ஒன்பது அவன்தான், ஓட்டம் அவனுடைய ஆயுதம். ஆனால் கிராண்ட் எப்போது ஓடுகிறான் என்று பார்க்கச் சொல். பந்தை உருட்டுகிறவனுக்கு நேர் எதிரில் நிற்கிற இரண்டு தடுப்பாளர்கள், அதாவது மார்க்கர்கள், அவர்களில் ஒருவன் இன்னும் எழும்பவில்லை, அல்லது பக்கத்துக்கு விலகி நிற்கிறான் என்றால்தான் ஓடுவான். இரண்டு பேரும் நேராய் நின்றால் ஓடுவது சுவரில் மோதுவதுதான். பத்து மீற்றர் பின்னுக்குப் போன தடுப்பு வரிசையும் அதற்குள் முன்னுக்கு வந்துவிடும்.

ஆகவே முதல் பாடம், பந்து உருளுவதற்கு முன்பே பார்ப்பது. நடந்து வரும்போதே மார்க்கர் எத்தனை பேர், அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிற முதல் தடுப்பாளன் களைத்த தடியனா சின்னப் பெடியனா, தன் பக்கத்தில் யார் ஓடிவரத் தயார், இந்த மூன்றையும் பார்த்து முடிக்க வேண்டும். குனிந்த பிறகு பார்த்தால் பிந்திவிட்டது. கபிலன் இப்போது குனிந்துதான் பார்க்கிறான்.

இரண்டாவது, கால். இடப்பக்கம் பாஸ் போடுவதென்றால் வலது கால் பந்துக்குக் கிட்ட, இடது கால் வாங்கப்போகிறவனை நோக்கி. வலப்பக்கத்துக்கு அப்படியே மாற்று. பந்தை நிலத்திலிருந்தே ஒரே வீச்சில் அனுப்ப வேண்டும், இடுப்புக்குத் தூக்கி, பின்னுக்கு இழுத்துப் பிறகு எறியக் கூடாது. அந்த இழுப்புக்கு அரைச் செக்கன் போகும், அரைச் செக்கனில் தடுப்பு வரிசை இரண்டு மூன்று மீற்றர் ஏறிவிடும். ஸ்மித்தின் பழைய ஆட்டங்களைப் போட்டு, சத்தத்தை நிற்பாட்டிவிட்டு அவருடைய முழங்கையை மட்டும் பார்க்கச் சொல். பின்னுக்குப் போகவே போகாது.

மூன்றாவது, பந்து போய்ச் சேருகிற இடம். ஓடிவருகிறவனின் நெஞ்சுக்கு ஒரு கை முன்னால். உடம்புக்குப் பின்னால் போனால் அவன் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பிடிக்க வேண்டும், அந்த ஓட்டம் செத்துவிட்டது. முன்வரிசைத் தடியனான ப்ரொப் பந்தை நழுவவிட்டால் எல்லாரும் ப்ரொப்பைத்தான் ஏசுவார்கள், பாதி நேரம் பிழை ஒன்பதுடையது. வீட்டுப் பின்வளவில் ஐந்து மீற்றரில் இருபது, பத்தில் இருபது, பதினைந்தில் பத்து, இரண்டு பக்கமும். அவனுக்கு வராத பக்கத்தை முதலில் செய்யச் சொல், களைத்த பிறகு செய்தால் கோணல் பழகிவிடும். கிழமையில் ஒரு நாள் பந்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துச் செய்யட்டும். கண்டி மழையில் ஆடினதை நீ மறந்திருக்க மாட்டாய்.

இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் ஸ்மித்தின் உண்மையான வேலை பிடிபடும். பந்தை எடுத்து ஒன்று இரண்டு அடி பக்கவாட்டில் வைப்பார். ஓடப்போகிறார் என்று முதல் தடுப்பாளன் அவரில் கண் வைப்பான். அந்த நொடியில் பக்கத்தில் ஓடிவருகிற முன்வரிசைக்காரனுக்குக் குட்டிப் பாஸ். தடுப்பாளன் அசையாமல் நின்றால், அடுத்த தடவை அதே இரண்டடியை வைத்துத் தானே ஓடுவார். மார்க்கர் நேராய் நிற்காவிட்டால் வேண்டுமென்றே அவன் நிற்கிற பக்கம் போய்ப் பெனால்டி வாங்குவார். எதிரணியின் பின்வரிசை முன்னுக்கு ஏறிவிட்டால், ஐந்தாவது டக்கிள் வரட்டும் என்று காத்திராமல் டமி ஹாஃபிலிருந்தே உதைத்துவிடுவார். எல்லாம் ஒரே நிலை, ஒரே முகம். வாசிக்கவே முடியாது.

மறுபக்கமும் உண்டு, தடுப்பு. ஹூக்கர் நடுவில் நிற்பதால் ஒரு ஆட்டத்தில் நாற்பது டக்கிள் சாதாரணம். 185 சென்ரிமீற்றர், 90 கிலோ சொச்சம் உள்ள ஆள் 110 கிலோக்காரரை எண்பது நிமிடமும் விழுத்தினார். தனியாய் இல்லை. ஒருவன் காலுக்கு, ஒருவன் பந்துக்கு, கடைசியாய் வருகிறவன் ஆளை முதுகில் புரட்டுவதற்கு. முதுகில் விழுந்தவன் எழும்பப் பிந்துவான், அதற்குள் ஸ்டோர்ம் வரிசை ஒழுங்காகிவிடும். பெலமி இந்த மல்லுக்கட்டை ஒரு பாடமாகவே பழக்கினார். சனம் இதற்காக ஸ்டோர்மை வெறுத்ததும் உண்மை. 2008 இறுதிச் சுற்றில் பிரிஸ்பேன் ஆட்டக்காரர் சாம் தைடேயின் கழுத்தைச் சுற்றிப் பிடித்ததற்காக ஸ்மித்துக்குத் தடை. அதனால் இறுதியாட்டத்துக்கு அவர் இல்லை, மேன்லி அணி 40–0 என்று ஸ்டோர்மை உரித்தது. தண்டனை சரியானதே. கபிலனுக்கு இதைக் கட்டாயம் சொல். கை தோளுக்கு மேலே போகக் கூடாது, பிடித்த பிறகு தலையைத் தொடவே கூடாது.

இன்னொன்றும் எழுத வேண்டும். நடுவரோடு கதைக்கிற கலையில் ஸ்மித் மன்னன். குரல் உயராது, சொல்லும் குறைவு. ஆனால் 2014 மார்ச்சில் மெல்பேர்ணில் ஸ்டோர்ம் ஆட்கள் நியூகாசிலின் அலெக்ஸ் மெக்கினனைத் தூக்கி விழுத்தியபோது அவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அதோடு அவர் விளையாட்டும் முடிந்தது, நடையும் போனது. அந்த டக்கிளில் ஸ்மித் இல்லை. ஆனால் அந்தப் பெடியன் நிலத்தில் கிடக்கும்போது தலைவராய்ப் போய், பெனால்டி சரியா என்று நடுவரோடு வாதாடினார். காயத்தின் பாரம் அப்போது தெரியாது என்று பிறகு சொன்னார். இருக்கலாம். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்க இன்றைக்கும் நெஞ்சு பிசைகிறது. கபிலன் ஒருநாள் தலைவனாவான், அவனிடம் அந்தக் குணம் இருக்கிறது. யாராவது விழுந்து கிடந்தால் முதலில் அங்கே போ, கதையைப் பிறகு பார் என்று இப்போதே சொல்லி வை. எவன் என்றாலும் இடுப்புக்கு மேலே காலைத் தூக்கினால் பிடியை விட்டுவிடு என்றும் சொல்.

ஸ்டோர்ம் வென்ற 2007, 2009 கிண்ணங்களைப் பற்றி நீ குத்துவாய் என்று தெரியும், ஆகவே நானே சொல்கிறேன். சம்பள உச்சவரம்பை மீறி ஒளித்துக் காசு கொடுத்தது பிடிபட்டு, 2010 ஏப்ரலில் இரண்டையும் பறித்தார்கள். அந்த வருடம் முழுக்க வென்றாலும் தோற்றாலும் புள்ளி இல்லை. நியாயம்தான், நான் ஸ்டோர்ம் பக்கம் நின்றே சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஆடினதைப் பார். பில்லி ஸ்லேட்டர், கூப்பர் குரோங்க், ஸ்மித் மூவரும் பிரிந்து போகாமல் நின்று 2012இல் வென்றார்கள், 2017இலும் வென்றார்கள். பிறகு குரோங்க் போய், ஸ்லேட்டரும் ஓய்வெடுத்து, 2020இல் 37 வயது ஸ்மித் புதுப் பெடியளோடு பென்ரித்தை 26–20க்கு வென்றார். பதினேழு ஆட்டம் தொடர்ந்து வென்று வந்த பென்ரித்! இடைவேளைக்குச் சற்று முன் ஸ்மித்தே ஒரு ட்ரை போட்டார், ஒரு கட்டத்தில் 26–0. அதுதான் கடைசி ஆட்டம். ஓய்வு என்று வாய் திறந்து சொன்னது அடுத்த மார்ச்சில்தான்.

நியூ சவுத் வேல்ஸ் அணியோடு வருடாவருடம் ஆடுகிற ஸ்டேட் ஒஃப் ஒரிஜின் தொடரில், குயின்ஸ்லாந்து 2006 முதல் 2017 வரை பன்னிரண்டில் பதினொன்றை வென்றது. 2018இல் ஸ்மித் அந்த அணியிலிருந்து விலகினார், அந்த வருடமே தொடர் போனது. ஒன்பது என்ன செய்கிறது என்று கேட்கிற உன் மச்சினனுக்கு இதைக் காட்டு.

வருகிற சனிக்கிழமை ஆட்டத்தைக் கரையிலிருந்து எடுக்காதே, கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று எடு. அப்போதுதான் மார்க்கர் எங்கே நிற்கிறான், கபிலன் எப்போது பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். முதல் இருபது நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் போதும். கத்தாமல் எடு, குரல் எல்லாம் பதிவாகிறது.

மாமிக்கு என் அன்பைச் சொல். பருத்தித்துறை வடை பார்சல் வந்து சேர்ந்தது, பாதி தூள், மிச்சம் அமிர்தம்.

அன்புடன்
நேசன்